பழைய தாளின் மேலேயே வரைவதா, புதுத் தாளை எடுப்பதா?

2004 ஆம் ஆண்டு மாசி மாதம், கும்பகோணத்தில் மகாமகம் முடிந்து நான்கைந்து நாட்களுக்குப் பிறகு, குளத்துப் படித்துறையில் உட்கார்ந்து நான் வரைந்த கரித்துண்டு ஓவியம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தாள் 15க்கு 22 அங்குலக் கார்ட்ரிட்ஜ், அதாவது தடித்த வரைதாள். எதிரே நீண்டு செல்லும் இரு கரைகளையும் அவற்றின் மேல் நிற்கும் மண்டபங்களையும் கண்முன் பார்த்து வரைந்தேன். நீராட வந்த கூட்டத்தை, அது கலைந்து போன பிறகு, நினைவிலிருந்து நிரப்பினேன். அப்போது மாணவனாக இருந்த எனக்கு அந்த ஓவியத்தில் பெருமைதான். ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இடப்பக்கக் கரையின் கோடுகள் ஒரு புள்ளியிலும் வலப்பக்கக் கரையின் கோடுகள் வேறொரு புள்ளியிலும் போய்ச் சேர்கின்றன, இணையான கோடுகள் தொலைவில் ஒரே புள்ளியில்தான் குவிய வேண்டும், இங்கே குளம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லி, அளவுகோலை வைத்து மெல்லிய பென்சில் கோடு ஒன்றையும் அதன் மேல் இழுத்துக் காட்டினார். அன்றிரவே தாள் பரண் ஏறிவிட்டது.

அடுத்த மகாமகம் 2028 இல் வருகிறது. அதற்குள் இந்த ஓவியத்தை மறுபடி கையில் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி எடுப்பது என்பதில்தான் பல மாதங்களாகத் தயக்கம். அதே தாளின் மேல் கரியை வைத்து வேலையைத் தொடரலாம். பழையதை ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து வரையலாம். டிரேசிங் தாளில் பழைய கோடுகளை எடுத்து, வேண்டியதை மட்டும் மாற்றலாம். ஸ்கேன் செய்து திரையில் திருத்தலாம். எதுவும் செய்யாமல் சட்டம் போட்டு மாட்டியும் விடலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுப்படையாகக் கேட்டுப் பயனில்லை என்பதும், பழைய ஓவியத்தில் நம்மை உறுத்துவது அதில் இருக்கும் பிழையா, அதை வரைந்த பின் நமக்குள் நேர்ந்த மாற்றமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும் என்பதும்தான் என் கருத்து. இரண்டுக்கும் மருந்து வேறு. பெரிய ஓவியர்கள் சிலர் தம் பழைய வேலைக்குத் திரும்பிய விதங்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

அதே பரப்பின் மேல் திரும்ப வேலை செய்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். 1653 இல் அவர் செய்த 'மூன்று சிலுவைகள்' என்ற அச்சோவியம், தாமிரத் தகட்டில் கூர்மையான ஊசியால் நேரடியாகக் கீறிச் செய்தது. இப்படிக் கீறும்போது கீறலின் ஓரத்தில் உலோகம் பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறில் மை தங்குவதால் அச்சில் மென்பட்டு போன்ற ஆழ்ந்த கருமை கிடைக்கும். ஆனால் அச்சுப் பொறியின் அழுத்தத்தில் பிசிறு விரைவிலேயே நசுங்கிவிடும், சில டஜன் படிகளுக்குப் பிறகு தகடு வெளிறிய படிகளையே தரும். அப்படித் தேய்ந்த தகட்டை, பொதுவாக 1660 ஐ ஒட்டி என்று கணிக்கப்படும் காலத்தில், ரெம்பிராண்ட் மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தார். முன்னிருந்த உருவங்கள் பலவற்றைச் சுரண்டித் தேய்த்து அழித்தார். இத்தாலிய மறுமலர்ச்சிக் காலப் பதக்கம் ஒன்றிலிருந்து எடுத்த, உயரமான தொப்பி அணிந்த குதிரைவீரனைச் சிலுவையின் அடியில் நிறுத்தினார். மேலிருந்து கீழாக நீண்ட கோடுகளைத் தகடு முழுவதும் இழுத்தார். சிலுவையில் அறையப்பட்ட கள்வர்களில் ஒருவன் ஏறக்குறைய இருளுக்குள் போய்விட்டான்.

இதைத் திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1653 இன் படிகளில் திருத்தும்படியாக ஒரு பிழையும் இல்லை. மேலிருந்து கூம்பாக இறங்கும் ஒளியில் படைவீரர்களும் அழுகின்றவர்களும் ஓடுகின்றவர்களும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். பலர் கூடிப் பார்த்த ஒரு நிகழ்ச்சியாக இயேசுவின் மரணம் வரையப்பட்டிருக்கிறது. பிந்தைய நிலையில் அது யாருக்கும் சரியாகத் தெரியாத ஒன்றாக, இருட்டின் வருகையாக மாறிவிடுகிறது. ஓவியருக்கு அந்தக் கணத்தைப் பற்றிய எண்ணமே மாறியிருக்கிறது, தகடு தேய்ந்தது அதற்கு ஒரு வாய்ப்பாக அமைந்தது. இதே மனிதர் 1655 இல், மக்கள் முன் கிறிஸ்து நிறுத்தப்படும் காட்சியைச் செய்த தகட்டிலும், எட்டு நிலைகளில் (தகட்டை மாற்றி மாற்றி அச்சிட்ட ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலை) மாற்றிக்கொண்டே போய், மேடையின் முன் நெருக்கியடித்து நின்ற கூட்டம் முழுவதையும் ஒரு கட்டத்தில் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு இருண்ட வளைவுகளை வைத்தார். கூட்டத்தை வரைவதில் கைவராமல் அழித்தார் என்று சொல்ல இடமில்லை. முந்தைய நிலைகளில் அந்தக் கூட்டம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. என் ஓவியத்தின் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தகடுதான் நினைவுக்கு வரும்.

ஒன்றை இங்கே இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறேன். ஹெர்குலிஸ் செகர்ஸ் என்ற முந்தைய தலைமுறை ஓவியரின் தகடு ஒன்று ரெம்பிராண்டின் கைக்கு வந்தபோது, அதிலிருந்த விவிலியக் கதைமாந்தர்களான தோபியாவையும் தேவதூதரையும் அழித்து, எகிப்துக்குத் தப்பிச் செல்லும் குழந்தை இயேசுவின் குடும்பத்தை அங்கே வைத்தார். நிலக்காட்சியைப் பெரும்பாலும் அப்படியே விட்டார். உற்றுப் பார்த்தால் மரங்களுக்கிடையே தேவதூதரின் பெரிய சிறகின் தடம் இன்னும் தெரிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அடிக்கோடு எங்காவது எட்டிப் பார்க்கும் என்பது, அதே பரப்பில் வேலை செய்ய நினைப்பவர்கள் ஏற்றுக்கொண்டே தீர வேண்டிய ஒன்று.

இத்தாலிய அச்சோவியர் பிரானேசியின் கதை இன்னும் தெளிவானது. சுமார் 1749-50 இல் ரோமில் அவர் வெளியிட்ட கற்பனைச் சிறைக்கூடங்களின் வரிசையில் 14 தகடுகள் இருந்தன. இருபதுகளின் முடிவில் இருந்த ஓர் இளைஞரின் கை அதில் தெரிகிறது: கோடுகள் விரைவாக, காற்றோட்டமாக, சில இடங்களில் கிறுக்கல் போலவே ஓடுகின்றன. 1761 இல் அதே தகடுகளை எடுத்து ஆழமாக அரித்து, புதிய படிக்கட்டுகளையும் உத்தரங்களையும் சங்கிலிகளையும் சேர்த்து, மேலும் இரண்டு தகடுகளைக் கூட்டி 16 ஆக வெளியிட்டார். இன்று உலகம் அறிந்த இருண்ட சிறைகள் இந்த இரண்டாம் பதிப்பின் சிறைகள். எனக்கு முதல் பதிப்பே பிடிக்கும். இரண்டாவதில் பயமுறுத்த வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சம் முன்னால் வந்து நிற்பதாகத் தோன்றுகிறது. ஆனால் என் விருப்பத்தை இங்கே சொல்ல முடிகிறது என்பதே முக்கியமான செய்தி. தகடு மாறிவிட்ட பின் முதல் நிலையை இனி அச்சிட முடியாது. இருந்தும், முன்பே அச்சிட்ட படிகள் அருங்காட்சியகங்களில் இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ரெம்பிராண்டின் துணிச்சலுக்கும் பிரானேசியின் துணிச்சலுக்கும் பின்னால் அந்தப் படிகள் சாட்சியாக இருந்தன.

தாளில் வரைந்த ஓவியத்துக்கு அந்தச் சாட்சி இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று, அதன் மேல் கைவைத்தால் முந்தையது போயிற்று. தாம் விற்ற ஓவியங்களையே திருத்துவதற்காகத் திரும்ப வாங்கிக்கொண்டு போன பிரெஞ்சு ஓவியர் தெகாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: நண்பர் ரூவார் தம் வீட்டுச் சுவரில் இருந்த படத்தை அவர் எடுத்துப் போய்விடாதபடி சங்கிலி போட்டு வைத்தாராம். இன்னொரு பிரெஞ்சு ஓவியரான பொன்னார் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில், காவலரின் கவனத்தை நண்பர் திருப்பிக்கொண்டிருக்க, தம் பழைய ஓவியத்தில் அவசரமாக நிறம் தீற்றினார் என்றும் ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையான கதைகள். விற்றுவிட்ட தாள் வாங்கியவருடையது; இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 57 ஆம் பிரிவு, தம் படைப்பைப் பிறர் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை விற்ற பின்னும் ஓவியருக்கு அளிக்கிறதே ஒழிய, பிறர் வீட்டுச் சுவரிலிருந்து அதை எடுத்து வந்து திருத்தும் உரிமையை அளிக்கவில்லை. என் தாள் என்னிடமே இருப்பதால் இந்தச் சிக்கல் எனக்கு இல்லை.

எனக்கிருக்கும் சிக்கல் தாளின் உடல்நிலை. மரக்கூழில் செய்த சாதாரணக் கார்ட்ரிட்ஜ் தாளில் அமிலம் இருக்கும். காலம் போகப் போக அது மஞ்சளித்து முறுமுறுப்பாகிவிடும். என் தாளின் ஓரங்கள் இப்போது அந்த நிலையில்தான் இருக்கின்றன, ஒரு மூலையை ராமபாணப் பூச்சி வேறு அரித்திருக்கிறது. ஈரக் காற்றில் பரணில் கிடந்ததால் அங்கங்கே செம்புள்ளிகள். இதற்கெல்லாம் மேல், கரி உதிராமல் இருக்க அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் வாங்கக் காசில்லாத அந்த நாளில், மாணவர்கள் பலரும் செய்வதுபோல நானும் ஹேர் ஸ்ப்ரே அடித்தேன். அது மஞ்சளிக்கும் என்பதும், கரியைத் தாளோடு சேர்த்து ஒட்டிவிடும் என்பதும் அப்போது தெரியாது. சென்ற மாதம் கீழ் ஓரத்தில் பிசை ரப்பரை வைத்து ஒற்றிப் பார்த்தேன், கரி எழும்பவில்லை. அழுத்தித் தேய்த்தபோது நார்தான் எழும்பியது. மேலே புதிய கரியை வைத்தாலும், ஸ்ப்ரே படலத்தில் தாளின் சொரசொரப்பு மூடிக்கிடப்பதால், கரி பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. ஆக, இந்தத் தாளில் கருமையைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கவே முடியாது. ரெம்பிராண்ட் செய்தது போலச் சுரண்டி வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும் வழி அடைபட்டுவிட்டது.

நல்ல தாளில், ஸ்ப்ரே அடிக்காத கரியில் வரைந்தவர்கள் இந்த வழியை அவ்வளவு எளிதில் ஒதுக்க வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் எடுத்துவரும் கரித்துண்டு அசைவுப்படங்களில், ஒரே தாளில் வரைந்து, அழித்து, மாற்றி வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கேமராவில் பதிவு செய்கிறார். கரி முழுமையாக அழிவதில்லை; போன உருவத்தின் சாம்பல் நிழல் தாளில் தங்குகிறது, அந்த நிழலே படத்தின் பொருளாகிவிடுகிறது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1935 இல் படுத்திருக்கும் பெண்ணுருவம் ஒன்றை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வரைந்தபோது, அதன் 22 நிலைகளைப் புகைப்படமாக எடுத்து வைத்தார். தகட்டுக்கு அச்சுப்படி தந்த சாட்சியைத் தாளுக்கும் துணிக்கும் புகைப்படம் தருகிறது. அதே தாளில் வேலை செய்யத் துணிகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைப்பதுதான், கரியைத் தொடுவது அதற்குப் பிறகு.

புதுத் தாளில் முதலிலிருந்து வரைவதற்கு ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பானிய மரக்கட்டை அச்சு முறையில், ஓவியர் வரைந்த மெல்லிய தாளை முகம் கீழாகப் பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இடங்களைச் செதுக்கிவிடுவார்கள். மூல ஓவியம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். எனவே பழைய ஓவியத்தைத் திருத்துவது என்ற பேச்சுக்கே அவருக்கு இடமில்லை, மறுபடி வரையத்தான் முடியும். 1797 இல் எனோஷிமாக் கரையில் ஓர் அலை வரைந்தார். சுமார் 1803 இல், கனகாவாவுக்கு அருகே கடலில் படகின் மேல் எழும் அலையை வரைந்தார். மேனாட்டு முறையில் நிழலிட்டுப் பார்த்த அந்த அலை, களிமண்ணைக் குழைத்து நிறுத்தியது போல அசையாமல் நிற்கிறது. சுமார் 1805 இல் மீண்டும் ஒன்று. பிறகு சுமார் 1831 இல், தம் எழுபது வயதை ஒட்டி, உலகமே அறிந்த அந்தப் பேரலையை வரைந்தார். அதோடும் விடவில்லை, ஃபூஜி மலையின் நூறு காட்சிகளை வரைந்த நூலின் 1835 ஆம் ஆண்டுத் தொகுதியில், அலையின் நுரைத்துளிகள் பறவைக் கூட்டத்தோடு கலந்து பறக்கும்படி இன்னொரு முறை வரைந்தார். 1803 ஆம் ஆண்டு அலையில் இருந்தது பிழை என்றே சொல்லலாம், நீரின் எடையும் வேகமும் அதில் பிடிபடவில்லை. அந்தப் பிழையை அந்த இடத்திலேயே ஒட்டுப் போட்டுச் சரி செய்திருந்தால் கொஞ்சம் நல்ல 1803 அலை கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நார்வே ஓவியர் மூங்க் வேறு வகையானவர். அவருடைய அக்காள் சோஃபி 1877 இல் காசநோயால் 15 வயதில் இறந்தாள். அந்த நினைவை 1885-86 இல் 'நோயுற்ற குழந்தை' என்று தீட்டினார். நிறத்தைப் பூசுவதும் சுரண்டுவதும் கீறுவதுமாக நெடுநாள் போராடிய தழும்புகள் அந்தத் துணியில் இன்றும் தெரிகின்றன. பிறகு நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை மேலும் ஐந்து முறை தீட்டினார். 1894 இல் தகட்டிலும் 1896 இல் கல்லச்சிலும் செய்தார். இங்கே எதையும் சரி செய்யும் நோக்கம் தெரியவில்லை. பிந்தைய ஓவியங்களில் நிறம் கூடுகிறது, தூரிகை வேகமாகப் போகிறது, முதல் துணியின் தழும்பு மட்டும் திரும்ப வரவே இல்லை. வந்திருக்கவும் முடியாது. புதுத் தாளை எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்: முதல் முறை பட்ட பாடு இரண்டாம் தாளில் இருக்காது. முதலாவதை அழிக்காமல் வைத்திருந்ததால் மூங்குக்கு அது இழப்பாகவில்லை.

டின்டின் படக்கதைகளைப் படித்தவர்களுக்கு இன்னொரு சான்று உடனே விளங்கும். அவற்றை வரைந்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஷே 1937-38 இல் கறுப்பு வெள்ளையில் தொடராக வரைந்த 'கறுப்புத் தீவு' 1943 இல் வண்ணத்தில் வந்தது. ஆங்கிலப் பதிப்பை வெளியிட விரும்பிய லண்டன் பதிப்பகம், பிரிட்டனைப் பற்றி அதில் இருக்கும் 131 பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியது. 1961 இல் உதவியாளர் பாப் தெ மூர் பிரிட்டனுக்குப் போய் ரயில்களையும் சீருடைகளையும் கட்டடங்களையும் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். கதை முழுவதும் மறுபடி வரையப்பட்டு 1966 இல் வெளிவந்தது. பிழைகள் போயின. அதோடு, ஸ்காட்லாந்தைக் கற்பனையில் மட்டுமே கண்ட இளைஞரின் ஓட்டமும் போய்விட்டது என்று சொல்லி, பழைய வடிவத்தையே மேல் என்று கருதும் வாசகர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் பக்கம்தான் நிற்பேன். புதிய வடிவத்தில் ஒவ்வொரு ரயில் பெட்டியும் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதை நாம் கவனிக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பது போலவும் இருக்கிறது. பிறர் கொடுத்த பிழைப் பட்டியலை வைத்துக்கொண்டு பழைய ஓவியத்துக்குத் திரும்புவதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குக் கிடைக்கவில்லை. என் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது, ஒரே ஒரு பிழையைக் கொண்டது.

டிரேசிங் வழி, பழைய தாளிலேயே தொடர்வதற்கும் புதுத் தாளில் வரைவதற்கும் நடுவில் இருக்கிறது, பலரும் அதைக் கைவராதவர்களின் குறுக்குவழி என்று இளப்பமாகப் பேசுகிறார்கள். தெகா தம் பிற்காலத்தில் பெருமளவு டிரேசிங் தாளிலேயே வரைந்தார். ஓர் உருவத்தை எடுத்து, அதன் மேல் இன்னொரு தாளை வைத்து மறுபடி எடுத்து, கையை மாற்றி, தாளைத் திருப்பிப் போட்டு வலத்தை இடமாக்கி, பிடித்து வந்ததை அட்டையில் ஒட்டி, இடம் போதாவிட்டால் தாள் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, அதன் மேல் பாஸ்டல் வண்ணக்கட்டியால் நிறம் போட்டார். மூலத்துக்குச் சேதமில்லை; வேண்டியது மட்டும் அடுத்த தாளுக்குப் போகும். குறை என்னவென்றால், இறந்த கோடும் உயிருள்ள கோடும் ஒன்று போலவே கடந்து போகும், பிழை இருந்தால் பிழையும் சேர்ந்து போகும். ஓவியத்தின் எந்தப் பகுதியை நம்புகிறோம் என்று தெரிந்தவர்களுக்கே இந்த வழி உதவும்.

ஸ்கேன் செய்து திரையில் திருத்துவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 15க்கு 22 அங்குலத் தாள் ஏ3 ஸ்கேனரிலும் அடங்காது, இரண்டு மூன்று துண்டாக எடுத்துச் சேர்க்க வேண்டும். கேமராவில் எடுத்தால் லென்ஸ் ஓரங்களில் நேர்க்கோட்டை வளைத்துவிடும், கோடுகள் எங்கே குவிகின்றன என்பதே கேள்வியாக இருக்கும்போது அது பெரிய தொல்லை. ஆனால் ஒத்திகை பார்க்கத் திரையைப் போல வசதி வேறில்லை. அடுக்குகளாகப் பிரித்து, கூட்டத்தை மறைத்துப் பார்க்கலாம், கரையைச் சாய்த்துப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் ஒரு தட்டலில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இறுதி வடிவத்தையும் அங்கேயே முடிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திரும்ப முடியாது என்ற அச்சம் இல்லாத இடத்தில் என் கை சோம்பிப் போகிறது, அது என் குறை.

ஐபேடில் அந்த ஒத்திகையைச் செய்யப் போய்த்தான் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆசிரியர் காட்டிய பிழையைச் சரி செய்வதற்காக, இரு கரைகளும் ஒரே புள்ளியில் குவியும்படி இடப்பக்கக் கரையை இழுத்துப் பார்த்தேன். விதிப்படி சரியாக வந்தது. குளம் மட்டும் ஏதோ ஊர்க் குளமாகிவிட்டது. காரணம் புரியாமல் கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து மேலிருந்து பார்த்தேன். சுமார் ஆறு ஏக்கர் பரப்பில், 16 மண்டபங்கள் சூழக் கிடக்கும் மகாமகக் குளம் சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. சரிவகம் போன்ற வடிவம். ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத இரு கரைகள் ஒரே புள்ளியில் குவிய மாட்டா. ஒவ்வொன்றும் தன் புள்ளியைத் தேடித்தான் போகும். படித்துறையில் உட்கார்ந்திருந்த மாணவன் கண்ணில் பட்டதை வரைந்திருக்கிறான். இணைகோடுகளின் விதியை மனத்தில் வைத்திருந்த ஆசிரியரும், அவர் சொன்னதை இருபது ஆண்டுகளுக்கு மேல் நம்பிய நானும்தான் குளத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எஞ்சியது கூட்டம். அதைப் பார்த்தால் எனக்கே தெரிகிறது, நினைவிலிருந்து நிரப்பியது என்று. ஒரே நீளத்தில், ஒரே கருமையில், நிமிர்ந்து நிற்கும் கோடுகள். நீரில் மூழ்கி எழும் உடலின் பாரம் ஒருவரிடமும் இல்லை, ஈரத்துணி ஒருவர் மேலும் ஒட்டவில்லை. இது பிழை. அன்று எனக்கு மனித உடலை வரையத் தெரியாது, இன்று ஓரளவு தெரியும். கூட்டத்தையே எடுத்துவிட்டு, ரெம்பிராண்டின் மேடையைப் போல வெறும் படிகளையும் இருளையும் விட்டுவிடலாமா என்றும் திரையில் மறைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது மகாமகம் முடிந்த நான்காம் நாளின் குளம். நான் வரைய விரும்பியது அந்த நாளை அல்ல.

ஆகவே பழைய தாளில் கரி வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அது வைக்கும் நிலையிலும் இல்லை. அமிலமற்ற அட்டையில் பொருத்தி, கண்ணாடி தாளில் படாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். கரைகளும் மண்டபங்களும் நம்பத்தக்கவை என்று தெரிந்துவிட்டதால் அவற்றை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்து, பருத்திக்கூழில் செய்த கனமான தாளுக்கு மாற்றியாகிவிட்டது. நீர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருக்கிறது. 2028 மாசியில், முடிந்தால் அதே படித்துறையில், கூட்டம் இருக்கும்போதே உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நெரிசலில் உட்கார இடம் கிடைக்குமா என்பது வேறு கவலை, அதற்காக இப்போதிருந்தே ஊர்க் குளங்களிலும் ஆற்றுத் துறைகளிலும் குளிப்பவர்களைச் சிறு ஏட்டில் வரைந்து பழகி வருகிறேன். மூலையில் 2004, 2028 என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதுவதாக உத்தேசம்.

ஆசிரியர் அளவுகோல் வைத்து இழுத்த பென்சில் கோட்டை டிரேசிங்கில் எடுக்கவில்லை. பழைய தாளில் அது இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அன்று ஹேர் ஸ்ப்ரே அடித்திருக்கிறேன்.